பழைய சுவருக்கு வெளியே: பாளையங்கோட்டைக் கலைக்கூடம் ஒன்றை விரிவாக்கும் வழிகள்

எங்கள் அறக்கட்டளை நடத்தும் கலைக்கூடத்தின் பின்னறையில், நீளமான மரப்பெட்டி ஒன்றுக்குள், சுருட்டிய நிலையில் ஒரு நாடகத் திரைச்சீலை கிடக்கிறது. அரண்மனைக் கொலுமண்டபம் தீட்டிய திரை அது. தூண்களுக்கு நடுவே தொங்கும் சரவிளக்கும், இருபுறமும் மடிப்பு மடிப்பாக ஒதுங்கி நிற்கும் சிவப்புப் பட்டும் துணியிலேயே வரையப்பட்டவை. முப்பதடி அகலமுள்ள அந்தச் சீலையை விரித்து மாட்டும் அளவுக்கு எங்கள் கட்டடத்தில் ஒரு சுவரும் இல்லை. நான் செயற்குழுவுக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறை, முற்றத்தில் பத்தமடைப் பாய்களைப் பரப்பி அதன் மேல் விரித்துப் பார்த்தோம். மடிப்பு விழுந்த இடங்களில் வண்ணம் பொடியாக உதிர்ந்து பாயில் ஒட்டுவதைக் கண்டு உடனே சுருட்டிவிட்டோம். கலைக்கூடத்தை விரிவாக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் பாயில் ஒட்டியிருந்த அந்த நீலப்பொடிதான் என் கண்முன் வந்து நிற்கிறது.

ஆகவே விரிவாக்கம் தேவையா என்ற கேள்வியை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. தேவைதான். பள்ளிப் பிள்ளைகள் ஐம்பது பேர் ஒரு பேருந்தில் வந்து இறங்கினால் முப்பது பேரைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்துவிட்டு இருபது பேரை உள்ளே அனுப்புகிறோம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு வழியில்லை. சுவரில் தொங்கும் படங்களைவிடப் பெட்டிக்குள் இருக்கும் படங்கள் அதிகம். ஆனால் எப்படி விரிவாக்குவது என்பதில் செயற்குழுவுக்குள் ஆறு வழிகள் பேசப்படுகின்றன. ஒவ்வொன்றையும் ஆதரிப்பவர்கள் அக்கறையோடுதான் ஆதரிக்கிறார்கள். அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கட்டடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த செங்கல் சுவர்கள். நடுவே திறந்த முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். அதற்குப் பின்னால் உயரமான அறைகள். கூரை, பழைய பாளையங்கோட்டை வீடுகள் பலவற்றில் இன்றும் காணக்கூடிய மெட்ராஸ் டெரஸ் வகை. தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வரிசையிட்டு, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் சாய்வாகக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிடித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைக் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்த கூரை. இரும்பு ஒரு துண்டும் இல்லை. அந்தக் கூரை நூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறதென்றால், மழைநீர் வடியும் வழியை அன்றைக்குக் கட்டியவர்கள் சரியாக வைத்தார்கள் என்பதும், இடையில் வந்தவர்கள் அதை ஏதோ ஓரளவு பார்த்துக்கொண்டார்கள் என்பதும்தான் காரணம்.

இப்போதைய நிலை அவ்வளவு நன்றாக இல்லை. வடக்குச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறது. விரல் வைத்தால் பூச்சு பொரிந்து விழுகிறது. அதன் பின்னால் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. இந்தப் பகுதிக்கு வெகு காலத்துக்கு முன் ஒரு பழுதுபார்ப்பின்போது சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். பூசியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள். அன்றைக்கு எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, காற்றுப்படும் பரப்பின் வழியாக அதை வெளியே விடும் இயல்புடையது. சிமெண்ட் அந்தப் பரப்பை அடைத்துவிட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. கூடவே கரைந்து வரும் உப்பு, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் இடையில் படிகமாகி, செங்கல்லை உள்ளிருந்து நொறுக்குகிறது. இதைப் பார்வையிட வந்த, சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார் ஒருவர், நொறுங்கிய செங்கல் தூளை உள்ளங்கையில் வாங்கிக் காட்டிச் சொன்னார்: “அண்ணாச்சி, ஓதத்த வெளிய விடாம மூடிப் போட்டா, அது உள்ள இருந்து சொவத்தத் திங்கும்லா.” பொறியாளர்களின் அறிக்கையில் பல பக்கங்களில் இருந்த செய்தி அந்த ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

வழிகளை ஒப்பிடுவதற்கு எனக்கு இந்தச் சுவரிலிருந்தே ஓர் அளவுகோல் கிடைத்தது. ஒரு பழைய கட்டடத்தைக் கலைக்கூடமாக விரிவாக்கும்போது மூன்று புதிய சுமைகள் வந்து சேர்கின்றன: எடை, தண்ணீர், மின்சாரம். புதிய தளமும் கூட்டமும் எடையைக் கூட்டுகின்றன. கழிப்பறை, ஏ.சி.யின் வடிநீர், புதிய கூரையின் மழைநீர் ஆகியவை தண்ணீரைக் கொண்டுவருகின்றன. விளக்கு, லிஃப்ட், குளிரூட்டி, கண்காணிப்புக் கருவிகள் எல்லாம் கம்பிகளைக் கொண்டுவருகின்றன. எந்த வழி இந்த மூன்றையும் பழைய சுவருக்கு வெளியே வைக்கிறதோ, அதுவே நல்ல வழி என்பது என் கருத்து.

முதல் வழி, விரிவாக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பழுதை மட்டும் முறையாகப் பார்ப்பது. செயற்குழுவில் மூத்தவர்கள் சிலர் இதையே விரும்புகிறார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சென்னை எழும்பூரில் விக்டோரியா நினைவு மண்டபமாக 1909இல் திறக்கப்பட்டு, பின்னாளில் தேசியக் கலைக்கூடமாக மாறிய, இளஞ்சிவப்பு மணற்கல்லாலான அழகிய கட்டடம், பழுதின் காரணமாக 2002 வாக்கில் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டு, அதன்பின் பல ஆண்டுகள் மூடியே கிடந்தது. ஹென்றி இர்வின் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய கட்டடத்துக்கே அந்த நிலை. நம்முடையதைப் போன்ற சிறு கட்டடம் ஒருமுறை மூடப்பட்டால் மறுபடி திறப்பதற்கு யார் வந்து கேட்பார்கள்? மாறாக, மும்பையின் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம் 1872இல் திறக்கப்பட்டது. 2003 முதல் ஐந்தாண்டுகள் பொறுமையாகச் சீரமைத்து 2008இல் மீண்டும் திறந்தார்கள். மாநகராட்சியும், மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பும், ஒரு தனியார் அறக்கட்டளையும் சேர்ந்து செய்த வேலை அது. இருந்த கட்டடத்தை மட்டும் ஒழுங்காக மீட்டதற்கே 2005இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. புதிதாக ஒரு செங்கல் சேர்க்காமலே ஒரு கலைக்கூடம் புத்துயிர் பெறலாம் என்பதற்கு அது சான்று.

எனினும், பழுது பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் மேலே சொன்ன குறைகள் அப்படியே இருக்கும். படங்களை வைக்கும் கிடங்கு, இன்றுள்ளபடி, ஓதம் ஏறும் அதே வடக்குச் சுவரை ஒட்டிய அறையாகவே தொடரும். பழுது பார்ப்பது எல்லா வழிகளுக்கும் பொதுவான முதற்படி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதை மட்டும் தனியொரு தேர்வாக வைப்பது சரியில்லை.

இரண்டாவது வழி, மேலே ஒரு மாடி எழுப்புவது. இதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. சுண்ணாம்புச் சாந்தில் நிற்கும் சுவர் தன் எடையையும் தன் கூரையையும் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. அதன் மேல் கான்கிரீட் தளம் ஏற்றினால், ஒன்று அந்த எடையைப் பழைய அஸ்திவாரம் சுமக்க வேண்டும், அல்லது அறைகளுக்கு உள்ளே தூண்களை இறக்கி எடையைத் தனியே கொண்டுபோக வேண்டும். இரண்டாவதைச் செய்தால் அந்த உயர்ந்த அறைகளின் அழகு போய்விடும். தேக்குக் கட்டைகள் பெயருக்குத்தான் மிஞ்சும். நிலம் மிச்சமாகும் என்பது ஒன்றே இதன் நன்மை. எங்களுக்கோ பின்புறம் நிலம் இருக்கிறது.

மூன்றாவது வழிதான் செயற்குழுவில் அதிகமான பேரைக் கவர்ந்திருக்கிறது: முற்றத்தின் மேல் கண்ணாடிக் கூரை போட்டு, அதையே பெரிய காட்சிக்கூடமாக்குவது. நாடகத் திரையை அங்கே தொங்கவிடலாம், ஐம்பது பிள்ளைகளும் ஒன்றாக உட்காரலாம், புதிய அஸ்திவாரம் வேண்டாம், செலவும் குறைவு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நடுமுற்றத்துக்கு நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கண்ணாடிக் கூரையின் படத்தை ஒரு நண்பர் கூட்டத்தில் காட்டினார். பார்த்தவுடன் மனம் மயங்கத்தான் செய்தது.

ஆனால் அது வெயிலுக்கு ஏங்கும் ஊர். நமக்குச் சித்திரை வைகாசியில் வெயிலைத் தடுப்பதுதான் வேலை. நம் முற்றம் வெறும் காலியிடம் போலத் தோன்றினாலும், அந்தக் கட்டடத்தின் மூச்சே அதன் வழியாகத்தான் நடக்கிறது. அறைகளில் சூடேறிய காற்று முற்றத்தின் வழியாக மேலே போகிறது. தாழ்வாரத்தின் நிழலைக் கடந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும் நாட்களில் நடு அறையில் நின்றால், வெளியே மரம் ஆடும் வேகத்துக்கேற்ப உள்ளே கதவுத் திரை மெல்ல அசைவதைப் பார்க்கலாம். அதன் மேல் கண்ணாடி போட்டால், முற்றம் அடுப்பாகும். அடுப்பைக் குளிர்விக்கக் குளிரூட்டி வரும். குளிரூட்டி வந்தால் அறைகளின் சாளரங்களை அடைக்க வேண்டும். அடைத்தால் சுவரின் ஓதம் போக வழியில்லை. ஒரு கூரையில் தொடங்கிய மாற்றம் வடக்குச் சுவரில் போய்த்தான் முடியும்.

இதில் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் நமக்கு நேரடியான பாடம். பியர் கைப்பர்ஸ் வடிவமைத்து 1885இல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு உள்ளே இரண்டு முற்றங்கள் இருந்தன. இடப் பற்றாக்குறை வந்தபோது, 20ஆம் நூற்றாண்டில் படிப்படியாக அவற்றுக்குள் அறைகளைக் கட்டி நிரப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அன்றைய தேவைக்கு அது நியாயமாகவே தோன்றியிருக்கும். காலப்போக்கில் கட்டடம் இருண்டு, உள்ளே போனவர்களுக்கு வழி தெரியாத புதிராகிவிட்டது. 2003இல் மூடிப் பத்தாண்டு வேலை செய்து, ஏறத்தாழ 375 மில்லியன் யூரோ செலவில் 2013இல் மீண்டும் திறந்தபோது, ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர்களான குரூஸும் ஓர்த்தீஸும் செய்த முதன்மையான வேலைகளில் ஒன்று, முற்றங்களுக்குள் கட்டியிருந்ததை எல்லாம் அகற்றி வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்ததுதான். அவர்களும் முற்றங்களைக் கண்ணாடியால் மூடியே வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. குளிர்நாட்டுக்கு அது பொருந்தும். ஆனால் முற்றத்தை நிரப்பிய ஒரு தலைமுறையின் வேலையை அடுத்த தலைமுறை பெரும்பொருள் செலவிட்டு அவிழ்க்க வேண்டியிருந்தது என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

அந்த வேலையின்போது நடந்த இன்னொன்றும் நினைவில் வைக்கத்தக்கது. அந்தக் கட்டடத்தின் நடுவே ஊர் மக்கள் மிதிவண்டியில் போகும் பொதுவழி ஒன்று உண்டு. நுழைவாயிலை அங்கே அமைக்க வரைந்தபோது மிதிவண்டிக்காரர்கள் எதிர்த்தார்கள். வரைபடத்தை மாற்ற வேண்டியதாயிற்று. வேலை தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் கட்டடத்தின் கிழக்குத் திண்ணையில் மதிய வெயிலுக்கு ஒதுங்கும் பூக்காரப் பெண்களும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் எந்த வரைபடத்திலும் இல்லை. யாரும் இதுவரை அவர்களைக் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டும்.

முற்றத்தை மூடாமல் அதன் கீழே தோண்டிக் கூடம் அமைப்பது நான்காவது யோசனை. உலகில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. பாரிஸ் லூவ்ரில் ஐ. எம். பெய் வடிவமைத்து 1989இல் திறந்த கண்ணாடிப் பிரமிடு, உண்மையில் முற்றத்துக்கு அடியில் இருக்கும் பெரிய நுழைவுக்கூடத்தின் மேல்மூடிதான். அளவில் நமக்கு நெருக்கமானது ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ். 17ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் இருக்கும் சிறு கலைக்கூடம் அது. வெர்மீரின் முத்துக்காதணிப் பெண் அங்கேதான் இருக்கிறாள். 2014இல் அதை விரிவாக்கியபோது மாளிகையைத் தொட்டுப் பெரிதாக எதையும் கட்டவில்லை. தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த இன்னொரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு, இரண்டையும் தெருவுக்கு அடியில் ஒரு கூடத்தால் இணைத்தார்கள். அனுமதிச்சீட்டு, கடை, உணவகம், மாணவர் வகுப்பு, தற்காலிகக் காட்சிகள் ஆகியவை புதிய பக்கத்திலும் அடிக்கூடத்திலும் அமைந்தன; பழைய மாளிகையின் அறைகள் மாளிகையின் அறைகளாகவே இருந்துகொண்டு படங்களைத் தாங்குகின்றன. பரப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அந்தப் பகுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். என் அளவுகோல் சொல்வதும் அதையேதான்.

ஆனால் தோண்டுவதை நம் ஊருக்கு ஏற்க முடியவில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரைகடந்து நெல்லை ஜங்ஷனையும் கொக்கிரகுளத்தையும் மூழ்கடித்தது. பாளையங்கோட்டை ஆற்றைவிட மேடு என்பது உண்மையே. ஆனாலும் அடித்தளத்தில் தண்ணீர் ஏற ஆறு வர வேண்டியதில்லை. வடிகால் நிரம்பினால் போதும், மின்சாரம் போய் பம்பு நின்றால் போதும். ஃபிளாரன்ஸ் நகரில் 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பெருகியபோது, தேசிய நூலகத்தின் தாழ்தளங்களில் இருந்த பெரும் எண்ணிக்கையிலான நூல்கள் சேற்றில் மூழ்கின. அவற்றைச் செப்பனிடும் வேலை பல பத்தாண்டுகள் நீண்டது. அதற்கும் மேலாக, பழைய அஸ்திவாரத்தின் மட்டத்துக்குக் கீழே அதன் பக்கத்தில் தோண்டினால், மண் சற்று நகர்ந்தாலும் சுவர் விரிசல் விடும். அதைத் தடுக்கும் தொழில்நுட்பம் உண்டு; அதற்கான செலவு நம் கைக்கு மீறியது.

ஐந்தாவது வழி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாற்கரச் சாலை ஓரம் புதுக் கட்டடத்துக்குப் போய்விடுவது. 2021இல் அறிவிக்கப்பட்டு ரெட்டியார்பட்டி மலையடிவாரத்தில் எழுந்துள்ள பொருநை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இதைச் சொல்கிறார்கள். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுப் பொருள்களுக்கு அப்படிப்பட்ட பரந்த இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மண்ணிலிருந்து வந்த பொருள்கள் அவை. எந்தப் பழைய வீட்டுக்கும் உரியவையாக இருந்ததில்லை. எங்களிடம் இருப்பவற்றின் நிலை வேறு. தஞ்சாவூர்ப் பாணிப் பலகை ஓவியங்கள், குடும்பத் தலைவர்களின் எண்ணெய் வண்ண உருவப்படங்கள், ரவி வர்மா அச்சகத்தின் வண்ண அச்சுப் படங்கள், கோவில்பட்டியில் குடியேறி வாழ்ந்த கொண்டையா ராஜுவின் வழிவந்த நாட்காட்டி ஓவியர்கள் வரைந்த மூலப்படங்கள் ஆகியவை இப்படிப்பட்ட வீடுகளின் கூடங்களிலும் பூசையறைகளிலும் மாட்டி வைப்பதற்காகவே செய்யப்பட்டவை. குற்றாலத்துச் சித்திர சபையிலோ திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் நிலைகளிலோ இருப்பது போல் ஓவியமும் சுவரும் ஒன்றாகிவிட்டன என்று நான் சொல்லவில்லை. எங்கள் படங்களை ஆணியிலிருந்து கழற்ற முடியும். ஆயினும் உயர்ந்த மச்சுக்குக் கீழே, முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழ, தங்கரேக்கு மின்னும் ஒரு கிருஷ்ணனைப் பார்த்தவர்கள், அதே படத்தைக் குழல்விளக்கின் கீழ் பார்க்கும்போது எதையோ இழந்ததை உணர்வார்கள்.

இடம் மாற்றினால் பழைய கட்டடத்தின் கதி என்ன என்பதற்கும் யாரிடமும் விடையில்லை. பயன்பாட்டில் இல்லாத மெட்ராஸ் டெரஸ் கூரையில் ஓர் அரசங்கன்று முளைத்தால் அதைப் பிடுங்க ஆளிருக்காது. இரண்டு மழைக்காலம் போதும்.

நான் ஆதரிப்பது ஆறாவது வழியை: பின்புற நிலத்தில் தனிக் கட்டடம் ஒன்றைக் கட்டி, திறந்த தாழ்வாரம் ஒன்றால் மட்டும் பழையதோடு இணைப்பது. செயற்குழுவில் இது கடைசியாக, சற்றே தயக்கத்தோடு வந்த யோசனை. பார்க்க எளியது, படம் காட்டினால் யாரும் வியக்க மாட்டார்கள். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ராபர்ட் சிசம் வடிவமைத்து 1880இல் முடிந்த நேப்பியர் அருங்காட்சியகத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கேரள மரபுக் கூரைகளின் சாயலும், காற்று தானாக உலவும் அமைப்பும் கொண்ட கட்டடம் அது. ஓவியங்களுக்குத் தனியிடம் தேவைப்பட்டபோது அதை வெட்டவோ நீட்டவோ இல்லை. அதே வளாகத்தில் 1935இல் ஸ்ரீசித்திரா கலைக்கூடம் தனியாக எழுந்தது. இங்கேயே பார்த்தால், 1843இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்த ஆற்றுப்பாலத்தின் மேல் போக்குவரத்து தாங்க முடியாமல் போனபோது, பழைய பாலத்தை இடிக்காமல் அதன் பக்கத்திலேயே இன்னொரு பாலம் கட்டினார்கள். இரண்டிலும் இன்று வண்டிகள் ஓடுகின்றன. பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பின்கட்டடத்துக்கு நான் கேட்பவை சில. அதன் உயரம் பழைய கட்டடத்தின் கைப்பிடிச்சுவரைத் தாண்டக் கூடாது. தெருவில் நின்று பார்த்தால் அது தெரியவே கூடாது. பழையதைப் போலப் பொய் வளைவுகளும் சுதைப் பூவேலையும் அதில் வேண்டாம். நூறாண்டு கழித்து வருபவர் எது எப்போது கட்டியது என்று குழம்பக் கூடாது. அஸ்திவாரம் தனி, இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி, தாழ்வாரத்தின் கூரை பழைய சுவரின் மேல் சாயாமல் தன் தூண்களிலேயே நிற்க வேண்டும். கிடங்கு, கழிப்பறை, குடிநீர், அலுவலகம், படம் செப்பனிடும் அறை, மின்பலகை எல்லாம் அங்கே. நடுவில் தூணில்லாத கூடம் ஒன்று. அதன் மேற்குச் சுவர் முப்பத்தைந்து அடி. எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்புகளும் நியாயமானவை. பின்புறம் நிற்கும் பெரிய வேம்பு போய்விடும் என்கிறார்கள். கட்டடத்தை எல் வடிவில் திருப்பினால் வேம்பைக் காக்கலாம், கூடத்தின் நீளம் மட்டும் சற்றுக் குறையும். தீயணைப்பு வண்டி பின்னால் போக வழி இருக்காது என்பது இன்னும் கனமான எதிர்ப்பு. அதற்காகவே வடபுறச் சந்தின் மதிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், அதற்குப் பக்கத்து வீட்டாரின் இசைவும் வேண்டும். பார்வையாளர்கள் பழைய அறைகளைப் பார்க்காமல் நேரே புதுக்கூடத்துக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சத்தையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நுழைவாயில் பழைய கட்டடத்தின் கிழக்குத் திண்ணையிலேயே இருக்க வேண்டும் என்கிறேன்.

குளிரூட்டியைப் பற்றி ஒரு தெளிவு தேவை. படங்கள் இருக்கும் எல்லா இடத்திலும் ஏ.சி. வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பெரிய அருங்காட்சியகங்களே இன்று ஈரப்பதத்துக்கு 40 முதல் 60 விழுக்காடு வரையும், வெப்பத்துக்கு 16 முதல் 25 பாகை வரையும் என்று முன்பைவிடத் தளர்த்தியே வரையறுக்கின்றன. ஒரே நாளுக்குள் பெரிய ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது என்பதில்தான் அவை கண்டிப்பு. தஞ்சாவூர் ஓவியத்தில் மரப்பலகை ஈரத்தில் உப்பி வறட்சியில் சுருங்கும்போது, அதன் மேலுள்ள சுண்ணப் பூச்சு கூடவே அசைய முடியாமல் தங்கரேக்கோடு தூக்கிக்கொள்கிறது. பகலில் ஏ.சி. போட்டு மாலை ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டுப் போவது அந்தப் பலகைக்குச் செய்யும் பெருங்கேடு. ஓட விட்டால் இருபத்து நான்கு மணி நேரமும் ஓட வேண்டும். அந்த மின்கட்டணத்தைக் கிடங்கு ஒன்றுக்கு மட்டும் எங்களால் தாங்க முடியும். தடித்த சுவரும் முற்றமும் உள்ள பழைய அறைகளில் வெப்பம் மெதுவாகத்தான் ஏறி இறங்குகிறது. அங்கே பலகை ஓவியங்களும் எண்ணெய் வண்ணப் படங்களும் இருக்கட்டும். காகிதத்திலும் துணியிலும் உள்ளவை, 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் தாங்காதவை, பின்கட்டடத்துக்குப் போகட்டும்.

மின்கம்பியைப் பழைய கட்டடத்துக்கு வெளியே வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 செப்டம்பர் 2 இரவு, ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. அரச குடும்பம் வாழ்ந்த பழைய அரண்மனை. இரண்டு கோடி பொருள்கள் கொண்ட சேகரிப்பில் பெரும்பகுதி ஓர் இரவில் போயிற்று. அரங்கு ஒன்றில் இருந்த ஏ.சி. கருவியில் தீ தொடங்கியது என்று விசாரணையில் தெரிந்தது. தேக்குக் கட்டைகளின் கீழே, பழைய மரச்சட்டத்துக்குள் போகும் எங்கள் கம்பிகளை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அந்த இரவின் படங்கள் என் நினைவுக்கு வருகின்றன.

பணம் ஒரே நேரத்தில் வரப்போவதில்லை. எனவே எதை முதலில் செய்வது என்பதும் எந்த வழி என்பதைப் போலவே முக்கியமானது. பின்கட்டடத்தின் கிடங்கை முதலில் முடித்து, படங்களை அங்கே மாற்றிய பிறகே பழைய கூரையில் கை வைக்க வேண்டும். கூரையைத் திறந்துவிட்டுப் படங்களை வாடகை அறையில் வைக்கும் திட்டத்தை நான் ஏற்க மாட்டேன். அதன் பின் வடிகால், பிறகு சிமெண்ட்டைச் செதுக்கி எடுத்தல், சுவரை ஒரு கோடை முழுக்க உலரவிடுதல், அதற்குப் பிறகே சுண்ணாம்புப் பூச்சு. இந்த வரிசையில் மற்ற நான்கு வழிகளில் எதற்குமே இடமில்லை. படங்கள் தங்கப் புதிய இடம் முதலில் கிடைப்பது பின்கட்டடத்திலும் நாற்கரச் சாலையிலும் மட்டுமே, அதில் நாற்கரச் சாலை பழைய கட்டடத்தைக் கைவிட்டுவிடுகிறது.

செயற்குழு எதைத் தேர்ந்தாலும் ஒரு வேலையை அதுவரை காக்க வைக்க முடியாது. காளவாசலிலிருந்து வரும் சுண்ணாம்பை நீற்றிக் குழியில் தண்ணீருக்கு அடியில் மாதக்கணக்கில் ஊறவிட்டால்தான் பூச்சு வெடிக்காமல் நிற்கும். கடுக்காயும் உடன்குடிக் கருப்பட்டியும் ஊறிய நீரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சுவரிலிருந்து செதுக்கிய பழைய பூச்சில் ஒரு பிடியைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். சுண்ணாம்புக்கு எத்தனை பங்கு மணல் என்பது அதில் தெரியும். அந்த முதிய கொத்தனார் வேம்புக்குத் தெற்கே எட்டடிக்கு ஆறடியாகக் குழி வெட்டும் இடத்தைக் கயிறு கட்டிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். பொங்கல் கழிந்ததும் வெட்டத் தொடங்குவதற்கு மட்டுமாவது இந்தக் கூட்டத்தில் ஒப்புதல் கேட்கிறேன்.